பின் ஷாக்கும் மலைப்பாதையும்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்குவது சுவிங் ஆர்ம் என்னும் இரும்புக் கவை. எஞ்சினுக்குப் பின்னால் புஷ்ஷில் மாட்டப்பட்டு அது மேலும் கீழும் அசைகிறது. கவைக்கும் சேஸிஸுக்கும் நடுவே நிற்கும் ஷாக் அப்சார்பருக்கு இரண்டு வேலை. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும்; உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாய்ந்து ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் முதல் வேலை மட்டுமே மிஞ்சும். பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடி அடங்குவது அதன் அடையாளம்.

பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறிலிருந்து வடக்கஞ்சேரி நோக்கிப் போகும் நெடுஞ்சாலை பெரும்பாலும் சமதளம். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கிக்குள் நுழையும் சாலையிலோ 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏலத்தோட்டங்களுக்குப் பிரியும் பாதைகளில் தாரைவிடக் கல்தான் அதிகம். இரண்டு இடத்திலும் ஓடுவது அதே ராயல் என்ஃபீல்டு புல்லட். ஆனால் பின்பக்கத்தை மாற்றிக் கட்டுபவர்களில் பலர் முதலில் பார்ப்பது சாலையை அல்ல, தோற்றத்தை.

தோற்றத்துக்காகச் செய்வதில் மிகக் கடுமையானது ஷாக்கையே எடுத்துவிடுவது. ஹார்ட்டெயில் எனப்படும் இந்த அமைப்பில் டயரின் காற்றும் சீட்டின் அடியில் உள்ள ஸ்பிரிங்கும்தான் மெத்தை. 1930களின் புல்லட் அப்படித்தான் இருந்தது. 1949 மாடலில்தான் அதற்குச் சுவிங் ஆர்ம் வந்தது. சீட் ஸ்பிரிங் ஓட்டுபவரின் முதுகைக் காப்பாற்றலாம், சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்காது. வளைவில் சாய்ந்திருக்கும்போது ஒரு கல் இடறினால் பின்சக்கரம் பிடியை விட்டுப் பக்கவாட்டில் எகிறும். பழைய தோற்றமும் வேண்டும், ஷாக்கும் வேண்டும் என்பவர்களுக்காக ஹார்லி டேவிட்சன் 1984இல் சாஃப்டெயிலைக் கொண்டுவந்தது. அதில் ஷாக்குகள் வண்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருந்தன.

அதிகம் நடப்பது ஷாக்கின் நீளத்தை மாற்றுவது. ஷாக்கைக் குட்டையாக்கினால் சீட் தாழும், வண்டி அழகாகப் பதுங்கி நிற்கும். முதல் கொண்டை ஊசியிலேயே ஃபுட்ரெஸ்டும் சைலன்சரும் தரையை உரசும். நீளமாக்கினால் பின்பக்கம் உயர்ந்து, ஹேண்டில் தண்டின் சாய்வு நிமிரும். சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 1,390 மில்லிமீட்டர் உள்ள ஒரு வண்டியில் பின்பக்கம் 25 மில்லிமீட்டர் உயர்ந்தால் அந்தச் சாய்வு ஒரு டிகிரி அளவுக்கு மாறும். வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில் நிலைகொள்ளாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும். உயர்த்திக் கட்டிய வண்டியில் அது இன்னும் எளிதாக வழுக்கும்.

ஏற்றத்தில் கதை தலைகீழ். பின்னால் ஒருவரும் ஒரு மூட்டையும் இருந்தால் இளகிய ஷாக் அமுங்கிப்போகும். முன்பக்கம் தூக்கலாகி, வண்டி வளைவின் வெளிப்பக்கம் விலகும். எதிரே ஜீப் வருகிற பாதையில் இது சின்ன விஷயமல்ல. ஷாக்கின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இதற்குத்தான் இருக்கிறது. அது ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அமுங்கிய பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஓட்டுபவர் உட்காரும்போது சக்கரம் அசையக்கூடிய மொத்தத் தொலைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால் சரியான நிலை. மூட்டையை இறக்கியதும் வளையத்தைப் பழைய படிக்குத் திருப்ப வேண்டும். இதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

இரண்டு ஷாக்குக்குப் பதிலாக நடுவே ஒன்றை மட்டும் மாட்டும் மோனோஷாக் மோகம் தனிக் கதை. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனையை யமஹா எடுத்துக்கொண்டு 1973இல் மோட்டோகிராஸ் பந்தயத்தில் வென்றது. கரடுமுரடான தரையில் சக்கரம் அதிகத் தொலைவு ஏறி இறங்க அது வழிவிட்டது. ராயல் என்ஃபீல்டும் 2016இல் ஹிமாலயனுக்கு மோனோஷாக்கைக் கொடுத்தது. அதில் பின்சக்கரம் 180 மில்லிமீட்டர் அசையும். ஆனால் அந்த வண்டியின் சேஸிஸ் அதற்காகவே வடிக்கப்பட்டது. பழைய புல்லட்டில் இரண்டு பக்கம் பிரிந்து விழும் பாரத்தை ஒரே வெல்டிங் புள்ளிக்குக் கொண்டுவந்தால், கல்பாதையில் முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். ஸ்பிரிங் கணக்கும் வேறு. கவையின் நடுப்பகுதியில் மாட்டிய ஷாக்குக்கு, சக்கரத்தின் மேலேயே நிற்கும் ஷாக்கைவிட நான்கு மடங்கு கடினமான ஸ்பிரிங் வேண்டும். சிறிய வண்டியிலிருந்து கழற்றிய மோனோஷாக் இதனால்தான் முதல் பள்ளத்திலேயே அடிதட்டுகிறது.

சுவிங் ஆர்மை நீட்டுவதிலும் இதே கணக்குதான். 45 செண்டிமீட்டர் கவையை ஷாக்கின் இடத்தை மாற்றாமல் 55 ஆக்கினால், சக்கரம் உணரும் ஸ்பிரிங் கடினம் மூன்றில் ஒரு பங்கு குறையும். சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடுவதால் வாளையாறுச் சாலையில் வண்டி கோடு பிடித்தது போல ஓடும். போடிமெட்டில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சாலையின் முழு அகலம் தேவைப்படும்.

சேஸிஸை வெட்டி ஒட்டும் வேலைக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. இப்போது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைக்கும் இடமுண்டு.

வெட்டாமல் ஒட்டாமல் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கலாம். கவையோடு சேர்ந்து ஆடினால் தேய்ந்தது சுவிங் ஆர்ம் புஷ். புதிய ஷாக் வாங்குவதற்கு முன் மாற்ற வேண்டியது அதைத்தான்.