காட்சிக்கு யார் கணக்கு?
தார் பாலைவனத்தில் காற்றாலைகளும் சூரிய மின் தகடுகளும் பெருகிவிட்டன. மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு. மாறிப்போன நிலக்காட்சிக்கு?

ஜெய்சால்மரிலிருந்து வடக்கே ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது படா பாக். ஜெய்சால்மரை ஆண்ட அரசர்களின் நினைவாக 16-ம் நூற்றாண்டு முதல் எழுப்பப்பட்ட மஞ்சள் கல் மண்டபங்கள் அங்கே ஒரு மேட்டில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னால் சுழல்கின்றன வெள்ளைக் காற்றாலைகள். மண்டபங்களை மட்டும் படமெடுக்க விரும்பும் சுற்றுலாப் பயணி கோணம் தேடி அலைய வேண்டும்.

சிலருக்கு இது கண்ணை உறுத்துகிறது. வேறு சிலருக்கோ பழமையும் புதுமையும் சேர்ந்து நிற்கும் அழகு. ரசனை ஆளுக்கு ஆள் மாறும், அதை எப்படி அளப்பது என்று கேட்டு விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் அளக்க வழி இருக்கிறது.

பிரிட்டனில் இதற்கான வழிகாட்டி நெறிகள் 1995-ல் வெளியாயின. மூன்றாம் பதிப்பு 2013-ல் வந்தது. முறை எளிமையானது. நிலத்தின் மேடு பள்ளங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காற்றாலையின் நுனி எந்தெந்த இடங்களிலிருந்து தெரியும் என்று முதலில் வரைபடம் போடுகிறார்கள். அந்த இடங்களில் நிற்பது யார் என்பது அடுத்த கேள்வி. வீட்டு வாசலிலிருந்து தினமும் பார்ப்பவரும் நெடுஞ்சாலையில் காரில் விரைபவரும் ஒன்றல்ல. பிறகு, இன்றைய புகைப்படத்தில் நாளைய காற்றாலைகளைப் பொருத்திக் காட்டுகிறார்கள். ஏற்கனவே நிற்கும் காற்றாலைகளோடு புதியவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் வரும். அழகா, அசிங்கமா என்று இந்த முறை தீர்ப்புச் சொல்வதில்லை. எவ்வளவு மாறும், யாருக்கு மாறும் என்று முன்கூட்டியே சொல்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலைகள் இல்லை. சூரிய மின் பூங்காக்களுக்கும் முன் அனுமதி தேவையில்லை. சுத்தமான மின்சாரத்துக்குத் தடை எதற்கு என்பதே வாதம். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்கிறது 2010-ல் திருத்தப்பட்ட சட்டம். ஆனால் புதிய காற்றாலைகள் பலவற்றில் தூணே 140 மீட்டர் உயரம். ஜெய்சால்மர் கோட்டை அமர்ந்திருக்கும் குன்றின் உயரமோ சுமார் 76 மீட்டர்தான். தட்டையான பாலையில் பல கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் ஒன்றை 300 மீட்டர் வேலி என்ன செய்யும்?

கானமயிலுக்காவது நீதிமன்றம் கிடைத்தது. அருகிவரும் அந்தப் பறவைகள் மோதி இறப்பதால், மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கும்படி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. கம்பியில் அடிபட்ட பறவையின் உடல் சாட்சியாகக் கிடக்கும். காட்சி மறைந்தால் சாட்சி ஏது?

இழப்பு சுற்றுலாப் பயணிக்கு மட்டுமல்ல. ஜெய்சால்மர் கிராமங்களில் 'ஓரண்' எனப்படும் கோயில் காடுகள் உண்டு. ஆடும் ஒட்டகமும் மேயும் இடம். கேஜ்ரி மரங்கள், அதாவது நம் ஊர் வன்னி, வெட்டப்படாமல் நிற்கும் இடம். அரசுப் பதிவேட்டில் இவற்றில் பல வெறும் தரிசு. தரிசுக்கு அழகும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. ஓரண்களை அளந்து, வரைபடமாக்கி, காடுகளாக அறிவிக்குமாறு 2024 டிசம்பரில் ராஜஸ்தான் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னணி இதுதான்.

இதையெல்லாம் காற்றாலைக்கு எதிரான வழக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய சிங்ரௌலியும் பூமிக்கடியில் தீ எரியும் ஜாரியாவும் யாரும் விரும்பும் காட்சிகள் அல்ல. 2030-க்குள் 5 லட்சம் மெகாவாட் திறனை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு தவிர்த்த வழிகளில் எட்டுவது நாட்டின் இலக்கு. கேள்வி, எங்கே என்பதுதான். வரைபடத்தில் ஒரு தூணைச் சில கிலோமீட்டர் நகர்த்த பென்சிலும் ரப்பரும் போதும். நட்ட பிறகு அது 20, 25 ஆண்டுகள் அங்கேயே நிற்கும்.

அடுத்த பாலைவனம் குளிர்ப் பாலைவனம். லடாக்கில் 13,000 மெகாவாட் பசுமை மின்சாரத் திட்டத்துக்கான மின்வழித்தடத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. திட்டத்துக்குத் தேர்வான பாங் பகுதி, மணாலி - லே சாலையில் 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. செம்மறியும் வெள்ளாடும் மேய்க்கும் சாங்பா மக்கள் நடமாடும் பிரதேசம் அது. அங்கே எது எங்கிருந்து தெரியும் என்று ஒரு வரைபடம் போட்டு, அதை முதலில் அவர்களிடம் காட்டலாம். மொத்தச் செலவில் அது ஒரு தூசு.