பாறைகளின் மடிப்பு

யாழ்ப்பாணத்திற் கிணறு வெட்டுவோர் காணும் சுண்ணக்கற் படைகள் பெரும்பாலும் கிடையாகவே அமைந்துள்ளன. கடலடியில் அடையலாய்ப் படிந்தவை படிந்தவாறே கிடக்கின்றன. இதனையே கண்டு பழகிய நமக்கு, இமயத்திலும் அல்ப்ஸ் மலையிலும் பாறைப்படைகள் வளைந்தும் சுருண்டும் நிற்கின்றன என்று கேட்கும்போது வியப்பு உண்டாதல் இயல்பே. கல் உடையுமேயன்றி வளையுமோ?

வளையும். பொற்கொல்லர் கையாளும் அரக்கை நோக்குவோம். சட்டென அடித்தால் அது நொறுங்கும்; நெடுநேரம் மெல்ல அமுக்கினாலோ வளைந்துகொடுக்கும். நிலத்தினடியிற் பல கிலோமீற்றர் ஆழத்திலுள்ள பாறையும் இத்தகையதே. வெப்பம் அதன் விறைப்பைக் குறைக்கின்றது. மேலுள்ள பாரம் நாற்புறமும் நெருக்கிப் பிளவுறாது தடுக்கின்றது. காலமோ இலட்சக்கணக்கான ஆண்டுகள். உருகாமல், திண்மமாயிருந்தே பாறை வளைகின்றது. நம் மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளின் முன் மிக்க ஆழத்தில் இவ்வாறு உருமாறி மடிந்தவை. மேலிருந்தவை அரிப்புண்டமையாலேயே இன்று நம் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

படைகள் பலவாயிருத்தலும் மடிதற்குத் துணையாகும். அப்பியாசக் கொப்பியை வளைத்துப் பார்க்கும் மாணவர், தாள்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லுதலைக் காண்பர்.

பக்கங்களிலிருந்து வரும் நெருக்கமே மடிப்பை ஆக்கும் என்பதைச் செய்துகாட்டியவர் எடின்பரோவைச் சார்ந்த சேர் ஜேம்ஸ் ஹோல் ஆவர். இசுக்கொத்துலாந்தின் கிழக்குக் கரையிற் பாறைகள் அலையலையாய் மடிந்திருத்தலைக் கண்ட அவர், துணிகளை அடுக்கி, கதவொன்றை மேலே வைத்துப் பாரமேற்றி, இரு பக்கங்களிலும் பலகையிட்டு நெருக்கினார். கதவு மெல்ல உயர்ந்தது. துணிகள் கடற்கரையிற் கண்ட வடிவையே பெற்றன. 1815 இல் வெளியான அவரது கட்டுரைக்கு வேண்டிய கருவிகள் எந்த வீட்டிலும் உள்ளவையே.

மேல்நோக்கி வளைந்தது மேன்மடிப்பு, கீழ்நோக்கி வளைந்தது கீழ்மடிப்பு. வளைவின் இரு பக்கங்களையும் புயங்கள் என்பர். அவை ஒத்த சரிவுடையனவாயின் மடிப்புச் சமச்சீரானது. ஒன்று செங்குத்தை நெருங்கின் சமச்சீரற்றது. நெருக்கம் மிகுந்தால் ஒரு புயம் மற்றதன் அடியிற் புகும். அது கவிழ்ந்த மடிப்பு. முழுவதும் சாய்ந்து படுத்துவிடின் படுத்த மடிப்பு.

மேன்மடிப்பென்றால் மலை, கீழ்மடிப்பென்றால் பள்ளத்தாக்கு என்று மனனஞ் செய்வோர் பலர். அது பிழை. வேல்சு நாட்டின் மிக உயர்ந்த சினோடன் சிகரம் கீழ்மடிப்பில் அமைந்தது. தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டு பகுதியோ முதுகு தேய்ந்த மேன்மடிப்பு. நிலத்தின் உயரத்தை அன்று, பாறைகளின் வயதையே நோக்கல் வேண்டும். முதுகு தேய்ந்த மேன்மடிப்பின் நடுவில் மூத்த பாறை வெளிப்படும். கீழ்மடிப்பின் நடுவில் இளைய பாறை எஞ்சும்.

படுத்த மடிப்பு பேரறிஞரையும் மயக்கியதுண்டு. சுவிற்சர்லாந்தின் கிளாறசு மலைகளில், 25 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை, ஏறத்தாழ 3 முதல் 5 கோடி ஆண்டுப் பாறையின்மேற் கிடக்கின்றது. ஆணல்ட் எஷ்ஷர் என்பார், வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் எதிரெதிரே வந்து படுத்த இரு பெரு மடிப்புகள் என இதனை விளக்கினார். அவர் மாணாக்கர் அல்பேட் ஹைம் 1878 இல் அவ்விளக்கத்தை அழகிய படங்களோடு வெளியிட்டார். 1884 இல், அவ்விடத்தை நேரிற் காணாத பிரெஞ்சு அறிஞர் மாசெல் பெர்த்திரான், இரு மடிப்புகள் வேண்டா, தெற்கிலிருந்து வந்த ஒரே பாறைத்தகடு இளைய பாறைமேல் ஏறியதெனக் கொண்டாலே போதும் என்றார். ஹைம் உடன்படவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, புதிய சான்றுகள் குவிந்தபின், தாம் வரைந்த மடிப்பைத் தாமே கைவிட்டார்; நம் கருத்தில், அவருடைய படங்களினும் பெரிய செயல் அது. 2008 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற அம்மலைகளில், மூத்த பாறைக்கும் இளைய பாறைக்கும் இடையிலான எல்லை, கோல்வைத்து இழுத்த கோடுபோல இன்றும் தெரிகின்றது.