புன்னக்காயலுக்கு வரும் காற்றுகள்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் எண்ணூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் மாட்டிக்கொண்டது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஆத்தூர் பக்கமாக இறங்கி, கழிமுகத்தில் இருக்கும் புன்னக்காயலைச் சூழ்ந்தது. அந்த நாட்களைப் புயல் நாட்கள் என்றே சொல்பவர்கள் உண்டு. ஆனால் அன்று புயல் எதுவும் இல்லை. அந்த மாதத்து மிக்ஜாம் புயல் டிசம்பர் 5ஆம் தேதியே ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்து முடிந்திருந்தது. தென்மாவட்டங்களில் அப்படிக் கொட்டியது, குமரிக்கடல் மேல் நிலைகொண்ட ஒரு வளிமண்டலச் சுழற்சி. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வைக்கும் அளவுக்கு அதில் காற்று இல்லை.

புயல் என்பது காற்றின் வேகத்தைப் பார்த்துக் கொடுக்கும் பட்டம். மழை எவ்வளவு, தண்ணீர் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. கடலில் காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வந்து சேராமல் வளைகிறது. நம் வடபாதி உலகில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்குகிறது. இந்தச் சுற்றில் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குள் இருக்கும்வரை அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அதைத் தாண்டி 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் பெயரும் கிடைக்கும். 89இலிருந்து தீவிரப் புயல், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல், 167க்கு மேல் அதைவிட ஒரு படி, 222ஐத் தாண்டினால் சூப்பர் புயல். இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்த வேகத்தை மூன்று நிமிடச் சராசரியாகக் கணக்கிடுகிறது.

இப்போது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆண்டு முழுக்கக் கேட்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: குமரிக்கடல், மன்னார் வளைகுடாப் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம். அறுபத்தைந்து என்பது அறுபத்திரண்டைவிடப் பெரிது. அப்படியானால் இது புயல்தானே என்று தோன்றும். இல்லை. 65 என்பது சில நொடி அடித்து ஓயும் வீச்சு, சராசரி அல்ல. அதைவிட முக்கியம், இந்தக் காற்றுக்குச் சொந்தமாக ஒரு மையம் இருக்க வேண்டியதில்லை; ஒரு பெரும் பரப்பில் ஒரே திசையிலிருந்து விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருக்கும். இலங்கையில் புயலையே சூறாவளி என்பார்கள். யாழ்ப்பாணத்துச் செய்தியையும் சென்னைச் செய்தியையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சூறாவளிக்காற்று புயல் இல்லை என்பதால் அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபைபர் படகுக்கும் வள்ளத்துக்கும் 65 கிலோமீட்டர் வீச்சே போதும். ஆனி, ஆடியில் வரும் கச்சான் இந்த வகைதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் நெருக்கிப் பிழிந்து வெளியே வருவதால் இந்தப் பக்கம் அதற்கு வேகம் கூடுகிறது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் நிற்பது அதனால். தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986இலேயே காற்றாலைப் பண்ணை வந்துவிட்டது. கச்சான் புன்னக்காயலில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. கரையோரத்தில் அலை அடங்கினாற்போல் தெரியும். எஞ்சின் நின்றுபோன படகை அது வெளியே, வெளியே என்று தள்ளிக்கொண்டே போகும். கரையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாத ஆபத்து இது.

புயலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவுக்கு இலங்கை ஒரு பெரிய மறைப்பு. வங்கக்கடலில் உருவாகி மேற்கே வரும் புயல் இந்தக் கரையைத் தொட வேண்டுமானால் ஒன்று இலங்கையின் மேல் ஏறி வர வேண்டும், அல்லது அதன் தெற்கு முனையைச் சுற்றி வர வேண்டும். ஏறி வருவது பெரும்பாலும் தரையில் உரசி வலுக் குறையும். 2020 டிசம்பரில் புரெவி அப்படித்தான்: திருகோணமலைக்கு வடக்கே ஏறி, மன்னார் வளைகுடாவில் இறங்கி, ராமநாதபுரத்துக் கரையோரம் நகராமல் நின்று, புயலாகக் கரையேறாமலே கரைந்துபோனது. ஆனால் இதை நம்பி இருந்துவிட முடியாது. 1964 டிசம்பர் 22, 23இல் வட இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை இல்லாமல் ஆக்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயல் தீவைத் தாண்டிக் கீழக்கரை அருகே மறுபடி கரையேறியது. 1992 நவம்பர் 13இல் ஒரு தீவிரப் புயல் தூத்துக்குடிக்கு அருகிலேயே கரை கடந்தது. துறைமுகத்தில் மணிக்கு 113 கிலோமீட்டர் காற்று பதிவானது. அந்தப் புயலின் மழைதான் தாமிரபரணியில் பெருவெள்ளமாக வந்தது.

ஏறக்குறைய இரண்டாவது வழியில் வந்தது ஒக்கி. 2017 நவம்பர் 29இல் அது இலங்கைக்கு அருகே வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டர் தொலைவில் புயல். டிசம்பர் 1இல் மிகத் தீவிரப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாள் தொழிலுக்குப் போய் ஏற்கெனவே வெகு தூரத்தில் இருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் திரும்பாதவர்களும் முந்நூறுக்கு மேல். தாழ்வு மண்டலம் என்ற சொல்லைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வெதுவெதுப்பான கடல் கீழே இருந்தால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற அதற்குச் சில மணி நேரம் போதும்.

புயல் எங்கே இருக்கிறது என்று கடலில் நிற்பவர் கருவி இல்லாமலே ஓரளவு அறிய முடியும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் மையம். டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857இல் சொன்னது இது, வடபாதி உலகம் முழுக்கப் பொருந்தும். வாடைக்காற்று வடக்கிலிருந்து அடித்தால் முதுகு வடக்கே, இடக்கை கிழக்கே. மையம் கிழக்கில், வளைகுடாவுக்குள். நேரம் போகப் போகக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனித்தால் புயல் நமக்கு வடக்கே போகிறதா, தெற்கே போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

புன்னக்காயலின் விதியே இந்த வடக்கு, தெற்கில்தான் இருக்கிறது. நம் கரை கிழக்கைப் பார்த்தது. புயல் 1992இல் போலத் தூத்துக்குடி அருகே, அதாவது நமக்கு வடக்கே கரை ஏறினால், இங்கே காற்று வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று தரையிலிருந்தே அடிக்கும். கூரை போகும், மரம் விழும், ஆனால் கடல் பின்வாங்கும். அதே புயல் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நேரே கரை ஏறினால் கதை வேறு. நாம் அதன் வலப்பக்கம் மாட்டிக்கொள்வோம். காற்று வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கடலைக் கரைமேல் தள்ளும். அப்போது மலையில் பெய்த மழையும் ஆற்றில் வந்துகொண்டிருந்தால், கழிமுகத்தில் கடல் ஏறி நிற்க, ஆற்றுக்கு வெளியேற வழி இருக்காது. ஆகவே அறிவிப்பில் வேகத்தை விட்டுவிட்டு முதலில் கேட்க வேண்டியது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே கரை கடக்கிறது என்பதைத்தான். முப்பது கிலோமீட்டர் மாறினால் எல்லாம் மாறும்.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. செய்தியில் எண் மட்டும் வரும். எண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். பாதிதான் சரி. 1, 2 என்றால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து: புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போனால் 5, வலப்பக்கம் விட்டுப் போனால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் வந்தால் 7. கடும் புயலானால் அதே வரிசை 8, 9, 10. பதினொன்று ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

மையம் நேராகத் தலைக்கு மேல் வந்தால் இன்னொரு ஏமாற்று உண்டு. நன்கு வலுத்த புயலின் நடுவில் கண் போல ஓர் அமைதிப் பகுதி இருக்கும். அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நிற்கும், வானம்கூட வெளுக்கலாம். புயல் முடிந்தது என்று படகைப் பார்க்கக் கடற்கரைக்கு ஓடுவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் இரண்டாவது பாதி வந்துவிடும்.

இடிமழையோடு வரும் திடீர்க் காற்று வேறு குடும்பம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்தில் ஒரே ஒரு மேகம் கறுத்துக் குவிந்து, அதிலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழும். குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபுறமும் தெறிக்கிறதல்லவா, அதுபோலத் தரையைத் தொட்டதும் அந்தக் காற்று எல்லாத் திசையிலும் பாயும். ஐந்து, பத்து நிமிடந்தான். ஆனால் அந்த நிமிடங்களில் புயலுக்குச் சமமான வேகம் இருக்கும். 2015 ஜூன் 1 இரவு சீனாவின் யாங்சி ஆற்றில் ஒரு பயணிகள் கப்பல் இப்படிப்பட்ட காற்றில் கவிழ்ந்து 442 பேர் இறந்தார்கள். நாலு நாள் முன்னதாக எச்சரிக்கை கொடுக்கக்கூடியது அல்ல இது. மழைக்கு முன் முகத்தில் அடிக்கும் சில்லென்ற காற்றுதான் அறிகுறி.

சுழன்று சுழன்று மரத்தை வேரோடு பிடுங்கும் டொர்னாடோவோடு இதைக் குழப்பிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தரைவரை தொங்கும் ஒரு சுழல் தூண். புயலின் விட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், ஆயுள் பல நாள். டொர்னாடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், ஆயுள் நிமிடக் கணக்கு. வேகத்தில் அது புயலையும் மிஞ்சும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1999 மே மாதம் ரேடாரில் அளந்தது மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். நம் பக்கத்து உலகில் அதன் இருப்பிடம் வங்காளமும் வங்கதேசமும். 1989 ஏப்ரல் 26இல் வங்கதேசத்தின் சாட்டூரியா வட்டாரத்தில் ஒரே டொர்னாடோவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தாமிரபரணிக் கரையில் இதை எதிர்பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எது அடித்தது என்று பிறகு கண்டுபிடிக்க, விழுந்த மரங்களைப் பார்த்தால் போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எல்லாம் சாய்ந்து கிடந்தால் மேகத்திலிருந்து விழுந்த காற்று. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் டொர்னாடோ. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுஜிடா இப்படித்தான் விமானத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பிரித்தார்.

கடலில் நாம் பார்ப்பது டொர்னாடோவின் சாதுவான தம்பியை. மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய தூண் தொங்க, மேகம் தண்ணீர் குடிக்கிறது என்று கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். மேகம் எதையும் குடிப்பதில்லை. சுழலின் நடுவே அழுத்தம் குறைந்து ஈரக்காற்று துளியாவதால் தெரியும் தூண் அது. கடல் நீர் அடியில் சில மீட்டர் தெறிப்பதோடு சரி. அதன் போக்குக்குக் குறுக்கே படகைத் திருப்பி விலகிவிட வேண்டும். குதிரைமொழித் தேரியில் சித்திரை வெயிலில் செம்மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும் சுழல்காற்றுக்கு மேகமே தேவையில்லை. சூடேறிய மணலிலிருந்து எழும் காற்று அது. வேட்டியையும் கண்ணையும் காத்துக்கொண்டால் போதும்.

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், ஜப்பான் பக்கம் டைஃபூன் என்பதெல்லாம் நம் புயலேதான், கடல்தான் வேறு. ஆனால் எண்களை ஒப்பிடும்போது ஜாக்கிரதை. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியை எடுப்பதால் ஒரே புயலுக்கு அவர்கள் சொல்லும் வேகம் நம் துறை சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கும். அரசு மறைக்கிறது என்று கிளம்பும் பேச்சுக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு. கைபேசிச் செயலிகள் பலவும் வேகத்தை நாட்டில் காட்டுகின்றன. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். படத்தில் 35 என்று தெரிந்தால் அது மணிக்கு 65 கிலோமீட்டர்.