அறிஞர் அவையும் ஆராய்ச்சி நெறியும்

கற்றவர் ஒருவர் தனித்திருந்து ஒரு கருத்தைக் காண்பது எளிது; கண்டதனைக் கற்றார் பலர் கூடிய அவையில் வைத்து, அவர் எழுப்பும் ஐயங்கட்கெல்லாம் விடையிறுத்து நிறுவுதல் அரிது. தனித்திருப்பவர் தம் உரையைத் தாமே கேட்டுத் தாமே மகிழலாம். அவையிலோ அவ்வுரை உரைகல்லின்மேற் பட்ட பொன்னைப்போல் தன் மாற்றினைக் காட்டியே தீரவேண்டும். ஆதலின் அறிஞரை ஒருங்கு கூட்டுதல் என்பது பந்தரிட்டு, மாலை சூட்டி, வாழ்த்துரைத்துக் கலைவதோடு முடியும் செயலன்று. கூடியவர்கள் ஒருவர் கூற்றை ஒருவர் ஐயுற்று வினவவும், வினவியபின் தெளியவும் இடனாவதே அறிஞர் அவை. இதனைத் தமிழாராய்ச்சியின் அண்மைக்கால வரலாறு கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இந்நெறி நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தே, அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. அதங்கோட்டாசான் குற்றங்கூறும் நோக்கத்தோடேயே அந்நூலைக் கேட்டார் என்றும், அவர் கூறிய குற்றங்கட்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என்றும் நச்சினார்க்கினியர் ஒரு கதை உரைக்கின்றார். அது வரலாறோ புனைவோ என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும், குற்றங்காண வல்லார் ஒருவர் முன் நில்லாத நூல் அரங்கேறிய நூலாகாது என்னும் கருத்துத் தமிழ்மக்கள் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அக்கதையே சான்று. நன்னூலாரும் நூலுக்குரிய எழுவகை மதங்களை எண்ணுமிடத்து, உடன்படலை அடுத்து மறுத்தலை வைத்தார். பிறர் நூலிற் குற்றங்காட்டலும் அவ்வேழனுள் ஒன்று. மறுப்பைப் பகையென்று கருதாமல் நூற்பண்புகளுள் ஒன்றாகக் கருதினர் நம் முன்னோர்.

இனி, ஐயுற்று ஆராய்ந்ததனால் விளைந்த பயன் ஒன்றை நோக்குவோம். பாண்டிநாட்டு மலைக்குகைகளில், துறவிகள் தங்குதற்கென வெட்டப்பெற்ற கற்படுக்கைகளின் அருகே, சிறுசிறு கல்வெட்டுகள் உள்ளன. மதுரையை அடுத்த மாங்குளத்துக் கல்வெட்டுகளை இராபர்ட் சீவெல் என்பார் 1882ஆம் ஆண்டிற் கண்டார். எழுத்தோ அசோகன் கல்வெட்டுகளிற் காணும் பிராமியை ஒத்திருந்தது. அசோகன் கல்வெட்டின் மொழி பிராகிருதம். துறவிகளோ வடக்கிலிருந்து வந்த சமயங்களைச் சார்ந்தவர்கள். எனவே இக்குகை எழுத்துகளின் மொழியும் பிராகிருதமாகவே இருத்தல்வேண்டும் என்று எண்ணுதல் இயல்பாயிற்று. ஆனால் அவ்வாறு கொண்டு படித்தபோது சொற்கள் பொருளற்று நின்றன.

1919ஆம் ஆண்டிற் புனாவிற் கூடிய முதலாம் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில், எச். கிருஷ்ண சாஸ்திரியார் இக்குகைகளையும் கல்வெட்டுகளையும் பற்றிக் கட்டுரை படித்தார். அதன்பின் அவை அறிஞர் பலருக்கும் பொதுவான ஆராய்ச்சிப் பொருளாயின. 1924ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய மூன்றாம் மாநாட்டிற் கே. வி. சுப்பிரமணிய ஐயர் மற்றொரு கட்டுரை படித்தார். அனைவரும் இயல்பென ஏற்றிருந்த ஒன்றை அவர் ஐயுற்றார். இவற்றின் மொழி யாதென்று முதலில் முடிவுகட்டிக்கொண்டு படிப்பதை விடுத்து, எழுத்துகளே எம்மொழியைக் காட்டுகின்றன என்று வினவினார். வடமொழி வருக்கங்களின் மூன்றாம், நான்காம் எழுத்துகள் இவற்றிற் பெரும்பாலும் இல்லை. அவை இன்மை தமிழ் நெடுங்கணக்கின் இயல்பு. ழ, ள, ற, ன என்னும் தமிழொலிகட்கென அமைந்த வடிவங்களோ இவற்றில் உள்ளன. ஆகவே இக்கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பது அவர் கண்ட முடிபு. இம்முடிபினை அனைவரும் உடனே ஏற்றாரல்லர். பின்னரும் பிராகிருதமே என்று வாதித்தவர்கள் இருந்தனர். எனினும் அவர் காட்டிய ஏதுக்கள் அச்சேறி எவரும் எடுத்துச் சோதிக்கத்தக்கனவாய் நின்றமையின், உண்மை காலப்போக்கில் தானே வலுப்பெற்றது.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஐராவதம் மகாதேவன் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். அவர் தொழிலாற் கல்வெட்டறிஞர் அல்லர். அரசாட்சித் துறையில் அலுவல் பார்த்தவர். வடநாட்டுப் பிராமியில் ஓர் எழுத்தைக் கோடின்றி எழுதினால் அதனோடு அகரம் சேர்ந்தே ஒலிக்கும். தமிழ்நாட்டின் மிகப்பழைய குகைக் கல்வெட்டுகளிலோ கோடில்லா எழுத்துத் தனிமெய்யைக் குறிக்கின்றது. பக்கக்கோடு பெற்ற எழுத்து இடத்திற்கேற்ப அகரத்தையும் ஆகாரத்தையும் குறிக்கின்றது. இவ்விதியறியாதார் படிப்பின் ‘மகன்’ என்னும் எளிய சொல் ‘மாகான’ எனத் தோன்றும். அறிந்தார்க்கோ அது தூய தமிழாய் ஒலிக்கும். இந்நெறியே மாங்குளத்திற் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை ஐயமறப் படித்தற்குத் துணை நின்றது. கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டிலே சேரல் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையினர் பெயர் படிக்கப்பெற்றது. அம்மூவரையும் பதிற்றுப்பத்துப் போற்றும் சேரரோடு மகாதேவன் ஒப்பிட்டுக் காட்டினார். ஏட்டில் மட்டும் வாழ்ந்திருந்த வேந்தர் கல்லிலும் காணப்பட்டனர்.

இதனையும் அவர் தம்மளவில் வைத்துக்கொள்ளவில்லை. 1966ஆம் ஆண்டிற் சென்னையில் நிகழ்ந்த கல்வெட்டுக் கருத்தரங்கில் இக்கல்வெட்டுகளின் தொகுதியை வெளியிட்டார். 1968ஆம் ஆண்டின் உலகத் தமிழ் மாநாட்டிற் சங்ககாலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர்க் குகைகட்கு மீண்டும் சென்று ஒவ்வோரெழுத்தையும் ஒப்புநோக்கி, தம் முந்தைய வாசிப்புகளிற் பலவற்றைத் தாமே திருத்தி, 2003ஆம் ஆண்டிற் பெருநூலாக வெளியிட்டார். அவர் 2018ஆம் ஆண்டில் மறைந்தார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கொடுமணல், பொருந்தல், கீழடி ஆகிய இடங்களின் அகழாய்வுகளைக் கொண்டு, இவ்வெழுத்தின் காலம் அவர் வரையறுத்ததினும் முற்பட்டது என்று அறிஞர் சிலர் கூறுகின்றனர். பிறர் அதனை ஐயுறுகின்றனர். இவ்வாறு வழக்குத் தொடர்வது ஆராய்ச்சிக்கு இழுக்கன்று. அதன் உயிர்ப்பென்றே கொள்ளுதல் வேண்டும்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. தமிழ் தொன்மையானது என்று எத்துணையோ புலவர் பாடினர். எத்துணையோ மேடைகள் முழங்கின. ஆயினும் அத்தொன்மைக்குக் கல்லிலே சான்று காட்டியவர்கள், ‘இது எம்மொழி? எங்ஙனம் அறிந்தோம்?’ என்று வினவி, அவையினர் மறுப்பிற்கும் அஞ்சாது நின்றவர்களே. புகழ்ந்தவர்கள் தரவியலாத பெருமையை ஐயுற்றவர்கள் தந்தனர். மொழிப்பற்றும் ஆராய்ச்சியும் ஒன்றற்கொன்று பகையென்று கருதுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இத்தகைய அறிஞரை நாடுகளின் எல்லை கடந்து ஒருங்கு கூட்ட முயன்றவர் சேவியர் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் 1913ஆம் ஆண்டிற் பிறந்த அக்கத்தோலிக்கத் துறவி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் றமிழ் கற்று, பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கினார். 1952ஆம் ஆண்டில் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கி, தமிழறியாத அறிஞரும் தமிழைப்பற்றிய ஆராய்ச்சியைப் படித்து மதிப்பிட வழிகோலினார். 1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில், புதுதில்லியிற் கீழ்த்திசைப் பேரவை கூடியிருந்த காலத்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. பிரெஞ்சுப் பேரறிஞர் ழான் பிலியோசா அதன் முதல் தலைவரானார். முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968ஆம் ஆண்டு சென்னையிலும், மூன்றாவது 1970ஆம் ஆண்டு பாரிசிலும் கூடின. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும், அதனைப் பயின்று கற்ற செக்கு, பிரெஞ்சு, ஆங்கில, அமெரிக்க அறிஞர்களும் ஒரே அவையிற் சமமாய் அமர்ந்தனர். தமிழ் நம் வீட்டுச் செல்வமாயினும் அதனை மதிப்பிடும் துலாக்கோல் உலகப் பொதுவாக இருத்தல்வேண்டும் என்பதே அடிகளின் கருத்தென்று நாம் கொள்ளலாம்.

சென்னை மாநாட்டிலே இரு முகங்கள் தோன்றின. ஒருபுறம் கட்டுரைகள் படிக்கப்பெற்ற கருத்தரங்கு. மறுபுறம் மக்கள் வெள்ளம் திரண்ட பெருவிழா. கடற்கரையில் வள்ளுவர், இளங்கோவின் காப்பியத் தலைவி ஆகியோரோடு வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோர்க்கும் சிலைகள் எழுந்தது அக்காலத்தேதான். விழாவை நாம் இகழ்வோமல்லோம். தன் மொழியைக் கொண்டாடாத மக்கள் அதன் ஆராய்ச்சியைப் பேணுவதும் அரிது. ஆனால் விழாவிற்கும் அவைக்கும் வேண்டுவன வேறு. விழாவிற்கு வேண்டுவது கூட்டம். அவைக்கு வேண்டுவது காலமும் கட்டின்மையும்.

காலத்தின் இன்றியமையாமை 2010ஆம் ஆண்டிற் புலனாயிற்று. அந்நாளில் மன்றத்தின் தலைவராயிருந்தவர் சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த சப்பானியப் பேராசிரியர் நொபொரு கராசிமா. தமிழ்நாட்டரசு மாநாடு கூட்ட விரும்பியபோது, ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஆயத்தம் செய்தற்கு ஓராண்டேனும் வேண்டும் என்றார் அவர். இருசாராரும் காலத்தைப்பற்றி உடன்படவில்லை. ஆகவே அரசு அவ்வாண்டு சூன் திங்களிற் கோயமுத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டினைத் தனியே நடத்திற்று. விழாவின் பொருட்டு விரையும் அரசின் விருப்பமும் விளங்கத்தக்கதே. எனினும், விரைந்து எழுதிய கட்டுரையை எவரும் செவ்வனே மறுத்தலும் இயலாது, நிறுவுதலும் இயலாது என்பதைக் கராசிமா அறிந்திருந்தார். கட்டின்மையின் இன்றியமையாமை அதற்கு முன்னரே, 1995ஆம் ஆண்டுத் தஞ்சை மாநாட்டில் விளங்கிற்று. இலங்கையிலிருந்து வந்த தமிழறிஞர் சிலர் அதிற் பங்குகொள்ளவொட்டாது திருப்பியனுப்பப்பெற்றனர். வாயில் அடைக்கப்பட்ட அவையில், வெளியே நிற்பவர் எழுப்பியிருக்கக்கூடிய வினா எழாமலே போகின்றது. அவ்விழப்பை அளந்து கூறுவார் யார்?

இவையனைத்தும் பேரறிஞர் செயல், மாணவராகிய நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கல்லூரித் தமிழ் மன்றக் கூட்டங்களை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். சொற்பொழிவாளர் பேசுகின்றார், நாம் கைதட்டுகின்றோம், நன்றியுரையோடு கூட்டம் கலைகின்றது. வினவ எழுந்தவன் பெரியோரை அவமதித்தவனாக எண்ணப்படுகின்றான். எனவே, எளிய முறைகள் மூன்றினை நம் மன்றத்திற்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். படிக்கப்பெறும் கட்டுரை ஒரு கிழமைக்கு முன்னரே உறுப்பினர் கைக்கு வருதல் வேண்டும். அதன் குற்றங்களைக் காட்டுதற்கென அதங்கோட்டாசான்போல் ஒருவர் முன்கூட்டியே அமர்த்தப்பெறல் வேண்டும். வினாவும் விடையும் ஏட்டிற் பதிவுபெற்று, அடுத்த ஆண்டு மாணவர் கையிற் சேர்தல் வேண்டும். முதலாவது காலத்தைத் தரும். இரண்டாவது துணிவைத் தரும். மூன்றாவது ஆராய்ச்சிக்குத் தொடர்ச்சியைத் தரும்.

இன்று தமிழைப்பற்றிய செய்திகள் பெருகியுள்ளன. மெய்யும் பொய்யும் ஒரே உடையணிந்து நம் முன் வருகின்றன. கேட்க இனியதாயிருத்தலால் ஒன்று மெய்யாகிவிடாது. நம் மொழிக்குப் பெருமை சேர்ப்பதாயிருத்தலாலும் ஆகிவிடாது. அதனைப் பிரித்தறியும் பயிற்சியை எவ்வகுப்பும் தனியே தந்துவிட இயலாது. ஒருவன் கூறியதை மற்றொருவன் அன்போடு மறுக்கவும், மறுக்கப்பட்டவன் சினவாது ஏது காட்டவும் பழகும் சிறு அவைகளிலேதான் அப்பயிற்சி வளரும். அத்தகைய அவையொன்று நம் கல்லூரியில் அமைவதாக. அதிற் கற்று வெளியேறுவோர், தாம் செல்லுமிடமெல்லாம் அதுபோன்ற அவைகளை நிறுவுவாராக.