எந்தக் காட்டு மரம்?

வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட் மூட்டையைத் திருப்பிப் பார்த்துத் தேதி படிப்பார்கள். கம்பியில் ஐஎஸ்ஐ முத்திரை தேடுவார்கள். மரம் வாங்கப் போகும்போது மட்டும் "பர்மா தேக்குதானே?" என்று ஒரு கேள்வி, "அசல் பர்மா சார்" என்று ஒரு பதில், அதோடு முடிந்தது. அந்த ஒற்றைப் பதிலுக்குள் எத்தனை சங்கதி இருக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

மரத்தை வெட்டி வீடு கட்டுவதே பாவம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அரசாங்கமே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. 2020இல்தான் அந்தத் தடை விலகியது. விலக்கியதில் நியாயம் இருக்கிறது. மரத்துக்குப் பதிலாக வரும் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க எக்கச்சக்க மின்சாரம் வேண்டும். மரமோ வெயிலையும் மழையையும் வைத்தே வளர்கிறது. வளரும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. ஒரு கன அடி காய்ந்த தேக்கு சுமார் 18 கிலோ. அதில் கரி 9 கிலோ. காற்றிலிருந்து இழுத்த வாயுவாகக் கணக்குப் போட்டால் 33 கிலோ வரும். ஏழடிக்கு நாலடி வாசல் நிலைக்கு 3 கன அடி பிடிக்கும். ஆக, உங்கள் தலைவாசல் நிலையில் மட்டும் 100 கிலோ கரியமில வாயு பூட்டிக் கிடக்கும். நிலை மக்காமல் எரியாமல் இருக்கிற வரை அது வெளியே போகாது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது. வெட்டிய இடத்தில் இன்னொரு மரம் அதே பருமனுக்கு எழுந்து வரவேண்டும். வராவிட்டால், நூறு கிலோவை நிலையில் பூட்டிவிட்டு, கிளையிலும் வேரிலும் காட்டு மண்ணிலும் இருந்ததையெல்லாம் கோட்டை விட்டோம் என்றாகிவிடும். எனவே கடையில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த மரத்தின் அடிக்கட்டை எங்கே இருக்கிறது, அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது?

பர்மாவையே எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்களில் பல அங்கிருந்து வந்தவை. வட்டித் தொழிலுக்கு ரங்கூன் போன நகரத்தார் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய மரம். 1856இல் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் அங்கே பெகு காடுகளின் பொறுப்புக்கு வந்தார். பிற்பாடு இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவரும் இவரே. அவர் தொடங்கிவைத்து, பின்னால் நிலைபெற்ற முறை இப்படி: காட்டை முப்பது கூப்பாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு கூப்பில்தான் கோடரி விழும். அங்கேயும் ஆறரை அடி, ஏழரை அடி என்று காட்டுக்குத் தக்க ஒரு சுற்றளவைத் தாண்டிய மரத்தில்தான் கை வைக்கலாம். தேர்ந்தெடுத்த மரத்தின் அடியைச் சுற்றி, பட்டையையும் வெள்ளை மரத்தையும் வைரம் தட்டும்வரை கொத்தி ஒரு வளையம் எடுப்பார்கள். நீர் ஏறாமல் மரம் நின்றபடியே சாகும். மூன்று வருஷம் போல அப்படியே காய விடுவார்கள், ஏனென்றால் பச்சைத் தேக்கு தண்ணீரில் முழுகும், காய்ந்தது மிதக்கும். பிறகு வெட்டிச் சாய்த்து, யானை இழுத்து ஓடையில் விட, மழைக்கால வெள்ளம் ஆற்றுக்குக் கொண்டுபோக, தெப்பம் கட்டி ரங்கூன் வரை ஓட்டி வருவார்கள். அந்தக் கூப்புக்குத் திரும்ப முப்பது வருஷம் ஆகும். அதற்குள் இளசுகள் பருத்திருக்கும்.

இதைவிடப் பொறுப்பான ஏற்பாடு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். எழுதிவைத்த முறையில் பெரிய பழுதில்லை. ஆனால் ராணுவ ஆட்சிக்கு வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்டபோது முப்பது வருஷம் காத்திருக்கப் பொறுமையில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் வெட்டினார்கள், வெட்டிய கூப்புக்கே சீக்கிரம் திரும்பிப் போனார்கள். 2014 ஏப்ரல் 1 முதல் உருண்டைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை, மியான்மர் என்று பெயர் மாறிய பர்மா நிறுத்தியது. அதுவரை அங்கிருந்து அதிகமாகக் கட்டை வாங்கியது நாம்தான். 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. அங்கே காட்டுத் தேக்கு அரசுச் சொத்து. வெட்டி விற்பது அரசின் மர நிறுவனம். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் அந்த நிறுவனத்தின்மேல் தடை விதித்தன. இந்தியா விதிக்கவில்லை. ஆகவே இங்கே பர்மா தேக்கு வாங்குவது குற்றமில்லை. கொடுக்கிற பணம் யார் கைக்குப் போகிறது என்பது அவரவர் மனசாட்சி. என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அது பர்மாதானா என்பதே அடுத்த கேள்வி. கானா, நைஜீரியா, தான்சானியா, ஈக்வடார், பனாமா என்று பல நாட்டுத் தேக்கு இங்கே இறங்குகிறது. அவற்றில் பலவும் நட்டு வளர்த்த தோப்பு மரம். மட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் பனாமாவை பர்மா என்று விற்கிற கடையில் மற்ற எந்த விவரத்தைக் கேட்டு என்ன பயன்?

மரத்தின் ஊர் எங்கே மாறுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். காட்டில் மரம் விழுந்ததும் வனத்துறை ஆள் கட்டையின் வெட்டுமுகத்தில் சுத்தியலால் ஓர் அச்சு அடிப்பார். சுத்தியலின் முகத்திலேயே எழுத்து வார்த்திருக்கும், ஓங்கி அடித்தால் மரத்தில் பதியும். பக்கத்தில் நம்பர், நீளம், சுற்றளவு. தரையில் நிற்கும் அடிக்கட்டையிலும் அச்சு அடிப்பதுண்டு. பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் இரண்டும் ஜோடி சேருகிறதா என்று பார்க்கலாம். டிப்போ பதிவேட்டில் அதே நம்பர், லாரியோடு வரும் அனுமதிச் சீட்டிலும் அதே நம்பர். மர மில் வாசல் வரை விவரம் அறுபடாமல் வந்துவிடும். உள்ளே போனதும் முனையைக் கழிப்பார்கள். அந்தத் துண்டு விறகுக்குப் போகும், அச்சும் அதோடு போகும். அதற்குப் பிறகு பலகை பலகைதான். ஏலத்தில் எடுத்த கட்டையின் பலகையையும் திருட்டுக் கட்டையின் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கைதேர்ந்த ஆசாரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. கட்டையை ஈர்ந்தால் ஏறக்குறைய பாதிதான் பலகையாகத் தேறும். நூறு கன அடிக் கட்டையில் ஐம்பது தேறியதை எழுபது என்று எழுதிவிட்டால், கணக்கில் வராத இருபது கன அடி நல்ல பேப்பரோடு சந்தைக்குள் நுழைந்துவிடும். உலகம் முழுக்கத் திருட்டு மரம் வெள்ளையாகும் வழிகளில் இது ஒன்று.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் சான்றிதழ் முறைகள் வந்தன. 1993இல் எஃப்எஸ்சி, 1999இல் பிஇஎஃப்சி என்ற இரண்டு சர்வதேச முறைகள், 2023 டிசம்பரில் இந்திய அரசே கொண்டுவந்த வனம் மற்றும் மரச் சான்றிதழ்த் திட்டம். காட்டுக்கு ஒரு சான்றிதழ். அதன் பிறகு மரம் கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஒன்று. நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டால் அங்கேயே அறுந்தது. ஆகையால் பலகையில் ஒட்டியிருக்கும் சின்னத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், பில்லில் சான்றிதழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை இணையத்தில் தட்டினால் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எஃப்எஸ்சி சின்னத்தில் மூன்று வகை: நூறு சதவீதம், கலப்பு, மறுசுழற்சி. கலப்பு என்றால் சான்று பெறாத காட்டு மரமும் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம். மோசமான இடங்களிலிருந்து வரவில்லை என்று சரிபார்த்த மரம், அவ்வளவே.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சான்றிதழ் இல்லாத மரம் எல்லாம் திருட்டு மரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயல் வரப்பில் இருபது தேக்கு வைத்திருக்கிற விவசாயி சான்றிதழ்ச் செலவுக்கு எங்கே போவார்? அதோடு, 1988இன் தேசிய வனக் கொள்கைக்கும், 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்கும் பிறகு, இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவது இங்கே பெரும்பாலும் நின்றுபோனது. ஆனைமலையின் உச்சியிலிருந்து கட்டைகளைச் சறுக்கிவிட்ட காலம் போயே போய்விட்டது. மொட்டையான அந்தச் சரிவுகளில் தேக்கை மீண்டும் எழுப்பிய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை டாப்ஸ்லிப் அருகே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. அவருக்கும் முன்னால், 1840களில், மலபார் கலெக்டர் கனோலியும் அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கு நட்டார்கள். விதையை முளைக்க வைப்பதே அப்போது பெரும்பாடாக இருந்தது; அதைச் சாதித்தவர் மேனன். நட்டு வெட்டலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே இவ்வளவு பழைய அத்தாட்சி இருக்கிறது.

ஆகவே உள்ளூர்த் தேக்குக்கு நான் பார்ப்பது இரண்டில் ஒரு பேப்பர். வனத்துறை டிப்போ ஏல மரமென்றால் ஏல ரசீதின் நகல். பட்டா நிலத்து மரமென்றால் ஏற்றிவந்த அனுமதிச் சீட்டின் நகல். "இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையே சார்" என்பார் கடைக்காரர். பரவாயில்லை, கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால் நகலை அவரே தயாராக எடுத்து வைப்பார்.

தோப்புத் தேக்கில் ஏமாறுகிற இடம் வேறு. பதினைந்து, இருபது வயது மரத்தில் வைரம் குறைவு, சுற்றிலும் வெள்ளை நிறைய. வெள்ளையைக் கரையான் விடாது. சாயம் பூசி வைரம் மாதிரி காட்டுவார்கள். பலகையின் முனையில் ஓர் அங்குலம் அறுத்துக் காட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். தொண்ணூறுகளில் 'தேக்கு யூனிட் வாங்குங்கள், இருபது வருஷத்தில் லட்சாதிபதி' என்று பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மரம் வளர்கிற வேகத்தைப் பணம் கட்டியவர்களிடம் மறைத்த கூத்து அது.

புது மரமே வேண்டாம் என்றால் பழைய மரம் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண், நிலை, கதவு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நூறு வருஷம் காய்ந்த மரம் இனிமேல் எளிதில் கோணாது, இதற்காக எந்தக் காட்டிலும் கோடரி விழவேண்டியதில்லை. எனக்கு ஒரே ஒரு உறுத்தல்: நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காகவே, ஓடு மாற்றினால் பிழைத்துவிடக்கூடிய வீட்டையும் இடித்துவிடுகிறார்கள். அதனால் வீடு ஏன் இடிந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் பழைய மரம் வாங்குவேன். வாங்கினால் ஆசாரியிடம் ஆணி பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே புதைந்த ஒரு ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

உள் அலமாரிக்கும் அறைக் கதவுக்கும் தேக்கே வேண்டுமென்று யார் சொன்னது? கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால் வற்றிய ரப்பர் மரத்தை 25, 30 வருஷத்தில் எப்படியும் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். உடனே ஈர்ந்து போரான் மருந்து ஏற்றிக் காயவைத்ததா என்று கேட்டு வாங்கினால் உள்வேலைக்குத் தாராளமாகப் போதும். வேம்பு, பூவரசு, பலா எல்லாம் நம் ஊர் ஆசாரிகளின் கைக்குப் பழகிய மரங்கள். கைமரத்துக்குப் பனையைப் போல உறுதியானது கிடையாது, ஆனால் அதைப் புதிதாக வெட்ட அரசு அனுமதி வேண்டும்; பழைய ஓட்டுவீட்டிலிருந்து எடுத்ததாகப் பார்ப்பது நல்லது.

எதை வாங்குவதானாலும் நாள் வேண்டும். அவசரக்காரருக்குக் கடையில் இருப்பதுதான் மரம், கடைக்காரர் சொல்வதுதான் ஊர். ஓர் அங்குலப் பலகை நிழலில் காய்வதற்கே மாதங்கள் ஆகும், நிலைக்கட்டைக்கு இன்னும் கூட. கடைக்கால் தோண்டும்போதே மரக்கடைக்கு ஒரு நடை போய், பேப்பரைப் பார்த்து, முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஈர்ந்த பலகையை இடையில் குச்சி வைத்து அடுக்கச் சொல்லுங்கள், இரண்டு முனையிலும் பெயின்ட் பூசச் சொல்லுங்கள். முனையில் மட்டும் வேகமாகக் காய்ந்தால் வெடித்துவிடும்.