குஞ்சின் குலம் அறியும் வழி

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம் பழமொழி. ஆயினும் கொல்லையில் கோழி வளர்ப்போர்க்கு இப்பழமொழி மட்டும் போதுவதில்லை. அடுக்குமாடி வீடுகள் பெருகிவரும் திருநீர்மலையிலும், தாம்பரத்தைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் வீட்டுக் கோழிகள் தெருவெல்லாம் திரிந்து மேய்கின்றன. பழுப்புப் பெட்டை ஒன்றின் பின்னே வெள்ளைக் குஞ்சும், கழுத்தில் இறகற்ற குஞ்சும், தாயை ஒத்த குஞ்சும் சேர்ந்தே ஓடுவதைக் காண்கிறோம். இவற்றின் தந்தை எந்தச் சேவல்? இவ்வினாவிற்கு விடை காணும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட மரபு விதிகள் 1866இல் அச்சேறின. அவ்விதிகள் விலங்கினத்திற்கும் பொருந்தும் என்பதை 1902இல் இங்கிலாந்து அறிஞர் பேட்சன் மெய்ப்பித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று கோழியின் கொண்டையே என்பது நாம் மகிழ்ந்து அறியத்தக்க செய்தியாகும்.

கொண்டை கூறும் செய்தி

ஒவ்வொரு பண்பிற்கும் குஞ்சு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபுக் கூறுகளைப் பெறுகிறது. ஒன்றே இருப்பினும் வெளிப்படுவது ஓங்கு பண்பு. இரண்டும் கூடினால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு பண்பு. சண்டைக்குப் பெயர்பெற்ற அசில் இனத்தின் தாழ்ந்த பட்டாணிக் கொண்டை ஓங்கு பண்பு. அரம்போல் பல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை ஒடுங்கு பண்பு. ஆகவே, ஒற்றைக் கொண்டைப் பெட்டைக்குப் பட்டாணிக் கொண்டைக் குஞ்சு பிறந்தால், அக்கொண்டை தந்தை வழி வந்ததே ஆகும்.

இதன் மறுதலை உண்மையன்று. பட்டாணிக் கொண்டையுடைய இணைக்கு ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறத்தலும் கூடும். அதனைக் கண்டு அயல் சேவலை ஐயுறுதல் தவறு. இருவரிடத்தும் மறைந்திருந்த கூறு ஒன்றுகூடி வெளிப்பட்டதாகவும் இருக்கலாம்.

கழுத்தும் நிறமும்

கிராப்புக்கோழியின் இறகற்ற கழுத்தும் ஓங்கு பண்பே. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அக்கூறு ஒன்று மட்டும் பெற்ற கோழிக்கு முன்கழுத்தில் சிறு இறகுக் கொத்து இருக்கும். இரண்டும் பெற்றதற்கு அக்கொத்து பெரும்பாலும் இராது. இரண்டும் உடைய சேவலின் குஞ்சுகள் அனைத்தும் இறகற்ற கழுத்தையே பெறும். ஒன்று மட்டும் உடைய சேவலுக்கு, இறகுடைய பெட்டையிடம் பிறப்பனவற்றுள் ஏறத்தாழப் பாதியே அவ்வாறு அமையும்.

வெள்ளை லெகார்னின் வெண்மையும் ஓங்கு பண்பு. எனினும் ஒடுங்கு வெண்மையுடைய வேறு இனங்களும் உளவாதலின், வெள்ளைக் குஞ்சு கண்டவுடன் லெகார்ன் வழி எனத் துணிதல் ஆகாது.

கால் நிறமும் பேசும். மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு. வளர்ப்புக் கோழியின் முதன்மை மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே. ஆயினும் மஞ்சள் தோலுக்கான கூறு தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருத்தல் வேண்டும் என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஓர் எடுத்துக்காட்டு

தெருவில் மூன்று சேவல்கள் எனக் கொள்வோம்: தூய வெள்ளை லெகார்ன், பட்டாணிக் கொண்டை அசில், முன்கழுத்தில் கொத்துடைய, ஒற்றைக் கொண்டைக் கிராப்பு. பழுப்புப் பெட்டையின் குஞ்சு ஒன்று ஒற்றைக் கொண்டையும் இறகுடைய கழுத்தும் பழுப்பு நிறமும் கொண்டுள்ளது. வெண்மை இன்மையால் லெகார்ன் விலகும். அசில் தூயதாயின் அதுவும் விலகும், கலப்பாயின் விலகாது. கிராப்பு விலகாது. இதற்குமேல் கண்ணால் கண்டு தீர்ப்புரைக்க இயலாது. விலக்குவதில் உறுதி உண்டு. உரிமை கூறுவதில் நிதானம் வேண்டும் என்பதே இக்கலையின் சாரம்.

மேலும், சேவலைச் சேர்ந்தபின் இரண்டு வாரங்களுக்கும் மேலாகப் பெட்டை கருவுற்ற முட்டையிட வல்லது. ஆதலின் ஓர் அடையில் பொரிந்த குஞ்சுகளுக்கே தந்தையர் பலர் இருக்கலாம். ஐயமறத் தெரிய விரும்புவோர் பெட்டையை மூன்று, நான்கு வாரம் தனித்து வைத்து, பின் ஒரு சேவலோடு மட்டும் சேர்த்தல் வேண்டும்.

பயன் யாது?

பழுப்பு இறகைக் காட்டி ‘நாட்டுக்கோழி’ என மிகுவிலை கேட்போர்க்கு, நிறம் மட்டும் குலச்சான்று ஆகாது என விடை கூறலாம். சிறுவிடை, பெருவிடை, அசில் முதலியவற்றைப் பேண விழைவோர்க்கும் இவ்வறிவு துணையாகும். அசில் சேவலின் கொண்டை தூய வழியினதா எனச் சோதிக்க, ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு அதனைச் சேர்க்கலாம். ஓர் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறப்பினும் சேவலிடம் மறைந்துள்ள கூறு வெளிப்பட்டுவிடும். பத்துக் குஞ்சும் பட்டாணிக் கொண்டையாயின், அக்கூறு ஒளிந்திருந்தும் அவ்வாறு நேர்வதற்கு 1,024இல் ஒரு வாய்ப்பே உண்டு. இச்சோதனையும் கொண்டைக்கு மட்டுமே சான்று. ஏனைய பண்புகளைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

புறத்தோற்றம் கண்டு குலம் கூற விரைவோர்க்குக் கொல்லைக் கோழியே நல்லதோர் ஆசான் எனலாம்.