பெட்டியில் அச்சிட்ட தூரமும் மானைத் தொடும் தூரமும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் புதர்வெளியில் தூரத்தைக் கண்ணால் கணிக்கப் பிடிமானம் எதுவும் கிடைக்காது. மரம் இல்லை, வீடு இல்லை, பல இடங்களில் ஒரு கம்பம்கூட இல்லை. முழங்கால் உயரத்துச் சாம்பல்நிற சேஜ் புதர்கள் தொடுவானம் வரை ஒரே மாதிரி பரந்து கிடக்கும். அதன் நடுவே நிற்கும் ப்ராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்கின் தோள் உயரம் சுமார் 90 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் நிற்கும் சின்ன விலங்கா, தொலைவில் நிற்கும் பெரிய விலங்கா என்று கண் தடுமாறும். அனுபவசாலிகள் இருவர் பார்த்தால் ஒருவர் 350 கெஜம் என்பார், மற்றவர் 450 என்பார்.

அந்த நூறு கெஜ வித்தியாசத்தில்தான் ஒரு விலங்கின் சாவு எப்படி அமையும் என்பது அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த அந்தத் துப்பாக்கியின் தோட்டா 400 கெஜத்தில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டரும், 500 கெஜத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேலும் தாழ்ந்துவிடும். 400 என்று நம்பி, துப்பாக்கி மேலுள்ள குறிநோக்கியான ஸ்கோப்பைத் திருகியவருக்கு முன்னால் விலங்கு உண்மையில் 450 கெஜத்தில் நின்றால், தோட்டா குறிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் கீழே போகும். ப்ராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியின் குறுக்களவே 20 சென்டிமீட்டர்தான். ஆக, நடுவில் குறிவைத்த தோட்டா அந்தப் பகுதியைத் தவறவிட்டுக் கால் எலும்பை உடைக்கும். அந்த விலங்கு ஓடிப்போய் எங்கோ ஒரு பள்ளத்தில் மணிக்கணக்காக வதைபட்டுச் சாகும்.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரமானி வேட்டைக்காரரின் பையில் இருக்கவேண்டிய நியாயம் இதுதான். வேட்டையை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் ஒத்துப்போகக்கூடிய ஒரு விஷயம் உண்டென்றால், சுடப்படும் விலங்கு வதைபடக் கூடாது என்பதே. தூரமானியைத் தேர்ந்தெடுப்பதையும் அந்த அளவுகோலை வைத்தே பார்க்கவேண்டும்.

ஒளி போய்த் திரும்பும் நேரம்

கலிஃபோர்னியாவின் மாலிபு நகரில் இருந்த ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் 1960 மே 16 அன்று முதல் லேசரை ஒளிரவைத்தார். சில ஆண்டுகளிலேயே ராணுவங்கள் அதைக்கொண்டு தூரம் அளக்கத் தொடங்கிவிட்டன. வேட்டைக்காரர்களின் கைக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 1992இல் ஜியோவிட் என்ற பைனாகுலரை வெளியிட்டது. அதிலேயே லேசர் தூரமானி இருந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவிகள் பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன.

வேலை செய்யும் விதம் எளிது. பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பு கிளம்பி, இலக்கில் பட்டுச் சிதறி, அதில் ஒரு சிறு துளி திரும்பி வருகிறது. போய்த் திரும்பிய நேரத்தைக் கருவி அளக்கிறது. ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்லும்; 400 மீட்டர் போய்த் திரும்ப மூன்று மைக்ரோ நொடிகூட ஆகாது. ஒரே துடிப்பை நம்பாமல் பல துடிப்புகளை அனுப்பி, சேர்த்துப் பார்த்து எண்ணைச் சொல்லும் கருவிகளே இப்போது அதிகம்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கருவி அளப்பது மானின் தூரத்தை அல்ல. ஒளியைத் திருப்பி அனுப்பிய பொருளின் தூரத்தை. அந்தப் பொருள் மான்தானா என்பதுதான் வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் கேட்கவேண்டிய கேள்வி.

விளம்பர எண் எதன் மீது?

பெட்டியின் மேல் 2,000 கெஜம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஒளியை நன்றாகத் திருப்பும் பலகை போன்ற இலக்குக்கான எண். மரத்துக்கு அது குறையும். மானின் மங்கிய ரோமத்துக்கு இன்னும் குறையும். விளம்பர எண்ணில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் மான் மீது கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நட்டநடு வெயிலில் அதுவும் சுருங்கும், ஏனென்றால் திரும்பி வரும் துளி ஒளியைச் சூரிய வெளிச்சத்திலிருந்து பிரித்தறிவது கருவிக்குக் கடினம். அந்தி வேளையில் அதே கருவி நெடுந்தூரம் படிக்கும்.

ஆகவே கடைக்காரரிடம் அதிகபட்ச தூரத்தைக் கேட்டுப் பயனில்லை. விவரக்குறிப்பில் மானுக்கு என்று தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு எண்ணே இல்லாத கருவியைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

ஒளிக்கற்றையின் அகலம்

விளம்பரம் அதிகம் பேசாத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற குணம் ஒளிக்கற்றை விரியும் அளவு. டார்ச் வெளிச்சம் போலத்தான் லேசரும் தூரம் போகப் போக விரியும், மிகக் குறைவாக என்றாலும். இதை மில்லிரேடியனில் சொல்வார்கள்: ஒரு மில்லிரேடியன் என்றால் 1,000 மீட்டரில் ஒரு மீட்டர். அகலவாக்கில் 2, உயரவாக்கில் 1 மில்லிரேடியன் விரியும் கற்றை 400 மீட்டரில் 80 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். ப்ராங்ஹார்னின் உடம்பு அதைக் கிட்டத்தட்ட வாங்கிக்கொள்ளும். 600 மீட்டரில் அதே கற்றை 120க்கு 60 ஆகிவிடும். உடம்பைத் தாண்டி வழியும் ஒளி முன்னால் இருக்கும் புதரிலோ பின்னால் இருக்கும் மேட்டிலோ படும். கருவி அதன் தூரத்தைத் தயங்காமல் காட்டும்.

சமவெளியில் உயரவாக்கில் மெலிந்த கற்றை நல்லது. முன்தரையில் அது படாது. மரங்களுக்கிடையே தெரியும் விலங்குக்கு அகலவாக்கில் மெலிந்தது உதவும். கருவியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இந்த இரண்டும் இடம் மாறும் என்பதால், எந்தத் திசையில் கற்றை மெலிது என்று கருவியை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கருவியின் பார்வைக் கண்ணாடியில் தெரியும் குறியும் லேசரும் ஒரே இடத்தைத் தொடுகின்றனவா என்பது அடுத்த சோதனை. பின்னால் வானம் மட்டுமே இருக்கும் ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, குறியை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மெல்ல நகர்த்தி அளந்துபாருங்கள். குறி கம்பத்தைத் தொடும்போது எண் வராமல் சற்றுத் தள்ளிப் போனபின் வந்தால், லேசர் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். சில நிமிடம் ஆகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் காட்டுக்குப் போகக் கூடாது.

சரிவு, மழை, அந்தி

கொலராடோ, ஐடஹோ மலைகளில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போனால் மேட்டையோ பள்ளத்தையோ நோக்கிச் சுடவேண்டிவரும். புவியீர்ப்பு தோட்டாவை எவ்வளவு இழுக்கும் என்பதைக் கிடைமட்டத் தூரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. 30 பாகைச் சரிவில் கருவி 400 கெஜம் காட்டினால், 346 கெஜத்துக்கு உரிய திருத்தம்தான் தேவை. சாய்வை அளந்து இந்தக் கணக்கைத் தானே செய்யும் வசதி இன்று நடுத்தர விலைக் கருவிகளிலும் உண்டு. மலைநாட்டு வேட்டைக்கு இது கட்டாயம். மரத்தின் மேல் பரண் கட்டி அம்பெய்பவர்களுக்கும் கட்டாயம்.

முன்னால் இருக்கும் புல்லையும் மழைத்துளியையும் விட்டுவிட்டுக் கடைசியாகத் திரும்பும் ஒளியை ஏற்கும் முறை, வேட்டைக் கருவியில் இருக்கவேண்டும். கொடிக்கம்பத்தை அளக்கும் கோல்ஃப் கருவிகள் இதற்கு நேர்மாறாக முதல் ஒளியை ஏற்பவை; மலிவாகக் கிடைக்கின்றனவே என்று அவற்றை வாங்கினால் புதரின் தூரம்தான் கிடைக்கும். பெரும்பாலான கருவிகள் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குகின்றன. ராணுவத் தரக் கருவிகளில் காணும் 1,550 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குப் பாதுகாப்பாகவே கூடுதல் ஆற்றலை அனுப்ப வல்லது. ஆனால் விலை பல மடங்கு. நீர் அந்த ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் ஈரத்திலும் பனியிலும் அதன் பலம் குறையவும் செய்யும்.

எண்கள் கறுப்பில் தெரியும் திரை அந்தியில் கண்ணுக்குப் புலப்படாது. மான்கள் வெளியே வருவது அந்த நேரத்தில்தான். சிவப்பில் ஒளிரும் திரை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு இருப்பது நல்லது. குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும். உபரி ஒன்று உள்சட்டைப் பையில் இருக்கட்டும். கை நடுக்கத்தில் 500 மீட்டருக்கு அப்பால் குறி நிற்காது என்பதால், முக்காலியில் பொருத்தும் துளை உள்ளதா என்றும் பாருங்கள். பைனாகுலரோடு இணைந்த தூரமானி வசதியானது: விலங்கைப் பார்த்த கண்ணை எடுக்காமலே அளந்துவிடலாம். நல்ல பைனாகுலர் ஏற்கெனவே இருந்தால் தனிக் கருவியே போதும்.

தூரமானி அளக்காதவை

நெடுந்தூரம் சுடுபவர்களுக்கான கருவிகள் வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஸ்கோப்பை எவ்வளவு திருகவேண்டும் என்றே சொல்லிவிடுகின்றன. தோட்டா கிளம்பும் வேகத்தை அளந்து கொடுக்காமல் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டதைக் கொடுத்தால், அந்த விடையும் பெட்டிக்கு உரியதாகவே இருக்கும்.

காற்றை இந்தக் கருவி அறியாது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, முன்பு சொன்ன அதே தோட்டாவை 400 கெஜத்தில் 35 சென்டிமீட்டரும் 500 கெஜத்தில் அரை மீட்டருக்கு மேலும் தள்ளிவிடும். சுடுபவர் நிற்கும் இடத்தில் காற்றை அளக்கலாம்; நடுவில் உள்ள பள்ளத்தில் அது எப்படி வீசுகிறது என்பதைப் புல் அசைவைப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும். தவிர, 500 கெஜம் போக அந்தத் தோட்டாவுக்கு முக்கால் நொடி பிடிக்கும். அதற்குள் விலங்கு ஓரடி எடுத்துவைத்தால் கணக்கு முழுவதும் வீண்.

தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பதையே வேட்டை அறமாக வைத்திருக்கிறது. விலங்கின் புலன்கள் எட்டாத தொலைவிலிருந்து சுடுவதை அது கண்டித்தும் இருக்கிறது. ஐடஹோ மாநிலம் பெருவிலங்கு வேட்டையில், ஒளிரும் குறியுள்ள ஸ்கோப்புக்கு விலக்களித்து, துப்பாக்கியோடு இணைந்த மற்ற மின்னணுக் கருவிகளைத் தடுக்கிறது. தூரத்தை அளக்க முடிகிறது என்பதாலேயே அங்கே சுட உரிமை வந்துவிடாது என்ற இந்த நிலைப்பாடு எனக்கு முழுச் சம்மதம். எட்டும் தூரத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசைக்கு இரும்புத் தகடுகள் இருக்கின்றன. என்.ஆர்.எல். ஹன்டர் என்ற போட்டியில், மறைந்திருக்கும் தகடுகளைத் தேடி, தூரம் அளந்து, சுட்டு முடிக்க நான்கு நிமிடம்தான் தருகிறார்கள். தவறு நேர்ந்தால் போவது மதிப்பெண் மட்டுமே.

நம் காட்டில் இதே கருவி

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆனாலும் இதே தூரமானி நம் புலிகள் காப்பகங்களில் நடமாடுகிறது. மான், காட்டெருது போன்ற இரைவிலங்குகளின் அடர்த்தியை மதிப்பிட, ஆய்வாளர்கள் நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கண்ட விலங்கின் தூரத்தை லேசரால் அளந்து, திசைமானியால் கோணத்தைக் குறிக்கிறார்கள். முதுமலை போன்ற காடுகளில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியில் கற்றை பட்டுத் தூரம் குறைவாகப் பதிந்தால், விலங்குகள் இருப்பதைவிட அதிகமாகக் கணக்கில் தெரியும். எந்தப் பொருளிலிருந்து ஒளி திரும்பியது என்ற கேள்வி அங்கேயும் அதே கனத்தோடு நிற்கிறது.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாட்டில் இந்தக் கருவியை வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்றே. 20 சென்டிமீட்டர் தகட்டை நட்டு, துப்பாக்கியை மேசையில் தாங்கவைக்காமல் காட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, வெவ்வேறு காற்றில், முதல் தோட்டாவிலேயே ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் எந்தத் தூரம் வரை அடிக்க முடிகிறது என்று கண்டறியுங்கள். பலருக்கு அது 300 கெஜத்தைத் தாண்டாது; அதில் குறைவொன்றும் இல்லை. அந்தத் தூரத்தில், மங்கிய ரோமத்தின் மீது, அந்தியிலும் தூறலிலும் பிசகாமல் படிக்கும் கருவியை வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு எண்ணைத் திரை காட்டினால் துப்பாக்கியை இறக்குங்கள். இந்தக் கருவிக்குக் கொடுத்த விலையின் பெரும்பகுதி, சுடாமல் விடவேண்டிய அந்த நேரத்தைச் சரியாகச் சொல்வதற்குத்தான்.